ஊதாவிட்டால் சாட்சி இல்லை என்பது உண்மையா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதன் சுருக்கம் இது. நிலாவெளியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் "ரெண்டு பியர்" குடித்த அவருடைய மச்சான் இரவு பத்தரை மணி போல மோட்டார் சைக்கிளில் திருகோணமலை டவுனுக்குத் திரும்பியிருக்கிறார். சாம்பல்தீவுப் பக்கம் போக்குவரத்துப் பொலிஸார் மறித்து, வாய் மணக்கிறது என்று சொல்லி, மது பார்க்கும் பலூனை ஊதச் சொன்னார்கள். மச்சான் பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி, "ஊதாதே மச்சான், ஊதினால்தான் அவர்களுக்குச் சாட்சி, ஊதாவிட்டால் கேஸ் நிற்காது" என்று காதுக்குள் சொன்னான். மச்சான் ஊதவில்லை. நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, விடியற்காலையில் பிணையில் விட்டார்கள். மோட்டார் சைக்கிளும் லைசன்ஸும் அவர்களிடம். அடுத்த வாரம் நீதவான் நீதிமன்றம். "ஊதவில்லைதானே அண்ணை, அப்போ வழக்கு நிற்குமா? கனடாவில் இருக்கும் சித்தப்பா, ஊதாவிட்டால் அதுவே தனிக் குற்றம் என்கிறார். ரெண்டு தண்டனையா வரும்?"

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பொலிஸார் சிங்களத்தில் சொன்னதை எதிரிக் கூட்டில் நிற்பவருக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தமிழிலும், அவர் தமிழில் சொன்னதைத் திருப்பிச் சிங்களத்திலும் சொல்வதுதான் என் வேலை. இந்த வகை வழக்குகள் திங்கட்கிழமைகளில் வரிசையாக வரும். வெள்ளி, சனி இரவுகளின் அறுவடை. மச்சானின் கூட்டாளி சொன்ன அதே வசனத்தை எத்தனை பேர் கூட்டில் நின்று சொல்லக் கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை.

சரி, பதிலுக்கு வருகிறேன். வழக்கு நிற்கும். ஊதாததால் பலவீனமாகவில்லை, மச்சானுக்குத்தான் பாரம் கூடியிருக்கிறது.

இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதற்குப் பிறகு பல தடவை திருத்தப்பட்டது. மது விஷயம் இருப்பது அதன் 151ஆம் பிரிவில். மது அல்லது போதைப்பொருள் உட்கொண்ட பின் ஒருவர் பெருந்தெருவில் மோட்டார் வாகனம் ஓடக்கூடாது என்பது அதன் தலை வசனம். அதன் கீழே உள்ள உபபிரிவுகளில்தான் நமது விஷயம் இருக்கிறது. சாரதி மது அருந்தியிருப்பதாக ஒரு பொலிஸ் அலுவலருக்குச் சந்தேகம் வந்தால், உடனே மூச்சுப் பரிசோதனைக்கு உட்படும்படியோ, அரசாங்க வைத்திய அதிகாரி ஒருவரின் பரிசோதனைக்கு உட்படும்படியோ அவர் கேட்கலாம். கேட்டால் சாரதி இணங்க வேண்டும். அடுத்து வருவதுதான் கூட்டாளிக்குத் தெரியாத வரி. மறுத்தால், அவர் மது அருந்தியிருந்தார் என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும், அதற்கு மாறான சான்று காட்டப்பட்டாலொழிய.

அந்த "ஒழிய" என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. சாதாரணமாக ஒரு குற்ற வழக்கில் குற்றத்தை எண்பிக்க (நிரூபிக்க) வேண்டியது முறைப்பாட்டுத் தரப்பு, அதாவது வழக்குப் போட்டவர்கள். எதிரி வாயைத் திறக்காமல் நிற்கலாம். இங்கே நீங்கள் ஊத மறுத்த அந்த நிமிடத்தோடு கணக்கு மாறிப் போகிறது. நீங்கள் குடித்திருந்தீர்கள் என்று நீதவான் எடுத்துக்கொள்வார். இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். நடுச்சாமத்தில் சாம்பல்தீவில் நின்ற நீங்கள், மூன்று மாதம் கழித்து, "நான் குடிக்கவில்லை" என்பதற்கு எதைக் கொண்டுவந்து காட்டுவீர்கள்? கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவரையா? அவரைக் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: முழு நேரமும் பக்கத்திலேயே இருந்தீர்களா, அவர் பின் வளவுக்குப் போகவே இல்லையா என்று. நம்மூர்க் கல்யாண வீட்டில் பின் வளவு எதற்கு என்று நீதவானுக்கும் தெரியும்.

இந்தத் தப்பு யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி எதிரிக்கு எதிராக எண்பிக்க முடியாது. அது உண்மை. "பொலிஸில் ஒன்றும் சொல்லாதே" என்ற பழைய புத்திமதி அங்கிருந்துதான் வருகிறது, நல்ல புத்திமதியும்கூட. ஆனால் மூச்சு வாக்குமூலம் இல்லை. நாடி பிடித்துப் பார்ப்பது போல, கைரேகை எடுப்பது போல அது உடம்பின் விஷயம். வாயை மூடிக்கொள்வதற்குள்ள பாதுகாப்பை மூச்சை அடக்குவதற்கும் நீட்டிப் பார்த்ததில்தான் சனம் வழுக்கி விழுகிறது.

யூடியூப் இன்னொரு காரணம். பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைச் சொல்லும் தமிழ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு. அங்கே எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 30 மில்லிகிராம். இங்கே 80. அங்கேயும் மறுத்தவருக்கு லாபம் இல்லை. நியாயமான காரணம் காட்டாவிட்டால் மறுப்பையே முறைப்பாட்டுத் தரப்புக்குத் துணையான சூழ்நிலையாக எடுக்கலாம் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. நம் நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாக எழுதப்பட்டிருக்கிறது.

சித்தப்பா சொன்னது கனடாவுக்குச் சரி. அங்கே பரிசோதனைக்கு மறுப்பது குற்றவியல் கோவையில் தனிக் குற்றம், முதல் தடவைக்கே ஆகக் குறைந்த அபராதம் 2,000 டொலர். அதாவது, குறைவாகக் குடித்துவிட்டு ஊதியவரைவிட, குடிக்காமல் வீம்புக்கு மறுத்தவருக்குத் தண்டனை கூட வரலாம். இங்கிலாந்திலும் மாதிரி கொடுக்கத் தவறுவது தனிக் குற்றம்தான். நமது சட்டத்தில் மறுப்பின் பாரம் வேறு வழியாக வந்து விழுகிறது: குடித்து ஓடினார் என்ற அதே குற்றச்சாட்டு, அதே தண்டனை, ஆனால் எண்பிக்கும் வேலை உங்கள் தலையில். ஆகவே தம்பி, "குடித்ததற்கு ஒன்று, ஊதாததற்கு ஒன்று" என்று இரண்டு பெரிய தண்டனையை எண்ணிப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அந்த ஒரு தண்டனைக்கு.

அது என்ன? 2017க்கான வரவுசெலவுத் திட்டத்தில் வீதிக் குற்றங்கள் சிலவற்றுக்கு ஆகக் குறைந்த தண்டம் 25,000 ரூபாய் என்று அறிவித்தபோது தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று. பிறகு திருத்தம் சட்டமாக வந்தது. விபத்து எதுவும் நடக்காமல் குடித்து ஓடியதற்கு மட்டும் 25,000க்குக் குறையாத, 30,000க்கு மேற்படாத தண்டப்பணம். மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பன்னிரண்டு மாதம் வரை இடைநிறுத்தலாம். "குறையாத" என்பதைக் கவனியுங்கள். "சேர், நான் கூலி வேலைக்காரன், மூன்று பிள்ளைகள்" என்று எத்தனை பேர் கை கூப்பியதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நீதவானுக்கு இரக்கம் இருந்தாலும் 25,000க்குக் கீழே இறங்கச் சட்டம் விடாது. யாருக்காவது காயம், மரணம் என்றால் தண்டம், சிறை, லைசன்ஸ் எல்லாமே வேறு படிக்கு ஏறிவிடும், அது இங்கே தேவையில்லை.

இது தபால் கந்தோரில் காசு கட்டிவிட்டு ரசீதைக் காட்டி லைசன்ஸ் திருப்பி வாங்கும் குற்றமும் இல்லை. அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் தண்டப் பத்திரம் ஹெல்மெட் இல்லாததற்கும், கோடு தாண்டியதற்கும். இதற்கு நீதிமன்றம் போயே ஆக வேண்டும்.

இப்போது மச்சானின் வழக்கில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவர் பலூனை ஊதவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனார். தம்பி எழுதியதில் டொக்டர் பரிசோதித்தாரா, மச்சான் அங்கேயும் கையை உதறினாரா என்பது தெளிவில்லை. அதுதான் வழக்கின் முதுகெலும்பு.

டொக்டரிடம் பொலிஸார் ஒரு படிவத்தோடு போவார்கள். நீதி மருத்துவப் பரிசோதனைப் படிவம். அடிபட்டவர்களுக்கும் அதே படிவம்தான், அதில் மது பற்றி ஒரு பகுதி இருக்கும். டொக்டர் வாயை மணந்து பார்ப்பார், கண்மணியைப் பார்ப்பார், பேச்சுக் குளறுகிறதா, நேர் கோட்டில் நடக்க முடிகிறதா, கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஆடுகிறாரா, விரலால் மூக்கு நுனியைத் தொட முடிகிறதா என்று பார்ப்பார். கடைசியில் எழுதும் முடிவில் இரண்டு வகை வசனம் வரும். ஒன்று, மூச்சில் மது வாடை வீசுகிறது. மற்றது, மதுவின் பாதிப்பில் இருக்கிறார். இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். முதலாவது, உடம்பில் மது இருக்கிறது, ஆனால் நடை, பேச்சு, நிதானம் கெடவில்லை என்ற அர்த்தத்தில் எழுதப்படுவது. இரண்டாவது வெறி. நான் இவை இரண்டையும் மொழிபெயர்க்கும்போது ஒரு சொல்கூடப் பிசகாமல் இருக்க மிகவும் கவனமாக இருந்தேன். சட்டத்தரணிகள் சண்டை பிடிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான்.

மச்சான் டொக்டருக்கு ஒத்துழைத்திருந்தால், டொக்டர் "வாடை மட்டும்" என்று எழுதியிருந்தால், அவருடைய சட்டத்தரணிக்குப் பேச இடம் இருக்கிறது. நான் முழுவதும் மறுக்கவில்லை, சட்டம் சொன்ன இரண்டு பரிசோதனையில் ஒன்றுக்கு உட்பட்டேன், அந்த அறிக்கையில் பாதிப்பு இல்லை என்று வாதிடலாம். வெல்லுமா என்பது வேறு கதை, ஆனால் கையில் ஒரு கடதாசி இருக்கிறது. "பாதிப்பில்" என்று எழுதியிருந்தால் பலூன் ஊதாதது ஒன்றுக்கும் உதவவில்லை. டொக்டரின் சாட்சியம் பலூனைவிடப் பலமானது. அங்கேயும் மறுத்திருந்தால் அந்த ஊகம் முழுப் பாரத்தோடு வந்து இறங்கும்.

கூட்டாளியின் யோசனையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஊதியிருந்தால் மச்சான் தப்பியிருக்கவும் கூடும்.

அந்தப் பலூன் என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சிகரெட்டைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே மஞ்சள் நிறப் பளிங்குத் தூள், ஒரு பிளாஸ்டிக் பை. குழாயின் இரு முனையையும் உடைத்து, ஒரு பக்கம் வாய் வைக்கும் துண்டும் மறு பக்கம் பையும் பொருத்துவார்கள். பை நிரம்ப ஒரே மூச்சில் ஊத வேண்டும். மூச்சில் மது இருந்தால் தூளில் உள்ள டைக்குரோமேற்று அதோடு தாக்கமடைந்து மஞ்சளிலிருந்து பச்சையாகும். பச்சை குழாயில் உள்ள கோட்டைத் தாண்டினால் 80 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கணக்கு. டோர்ச் வெளிச்சத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு பொலிஸ்காரரும் சாரதியும் தலையோடு தலை முட்டக் குனிந்து, பச்சை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பார்ப்பது ஒரு காட்சி. இப்போது எண் காட்டும் மின்னணுக் கருவிகளும் இருக்கின்றன.

இனி மச்சான் சொன்ன "ரெண்டு பியர்". எந்தப் பியர் என்று கேட்க வேண்டும். இங்கே பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். சாதாரண லாகர் 5 வீதத்துக்குக் கிட்ட என்றால் ஒரு போத்தலில் சுமார் 24 கிராம் மது. 70 கிலோ ஆம்பிளை இரண்டு போத்தலைக் குடித்தால் இரத்தத்தில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் வரை ஏறும். உடம்பு மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் அளவில் எரித்துத் தள்ளும். இரண்டு மணித்தியாலம் ஆறப்போட்டு, சோறும் சாப்பிட்டிருந்தால் 70 பக்கம் வந்து நிற்கலாம். அதாவது கோட்டுக்குக் கீழே. அதே இரண்டு போத்தல் 9 வீதத்தைத் தொடும் ஸ்ட்ரோங் பியர் என்றால் மூன்று மணித்தியாலம் போனாலும் 130ஐத் தாண்டித்தான் நிற்கும், அப்போது பலூன் முழுக்கப் பச்சை. சாராயம் கால் போத்தல் போட்டவரும் எல்லைக்கு மேலேதான் தொடங்குவார். இது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும், இதை வைத்துக்கொண்டு "ரெண்டு லாகர் போடலாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது, எல்லைக்குக் கீழே இருந்திருக்கக்கூடிய ஒருவர் அதைக் காட்டக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தைக் கையால் தட்டிவிட்டார் என்பதை. இரத்தத்தில் மது குறைந்துகொண்டே போகும், பத்தரைக்கு என்ன இருந்தது என்று அடுத்த நாள் எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

தேசிக்காய் கடித்தால், கராம்பு மென்றால், பற்பசை தின்றால் மாறும் என்பதெல்லாம் வாயின் மணத்தைத்தான் மறைக்கும். கருவி பார்ப்பது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் காற்றை. நேர்மாறாக, மது கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பாவித்த உடனே ஊதினால் இல்லாத மதுவையும் காட்டலாம். கடைசி வாய் குடித்த கையோடு ஊதினாலும் அப்படித்தான். பதினைந்து இருபது நிமிடம் விட்டால் வாயில் ஒட்டியிருந்தது போய்விடும். இப்படியான நியாயமான காரணம் இருந்தால் அதை அந்த இடத்திலேயே சொல்லி, கொஞ்சம் பொறுத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முட்டு வருத்தம் உள்ளவர்கள் முழு மூச்சில் ஊத முடியாவிட்டால், "ஊத மாட்டேன்" என்று சொல்லாதீர்கள். "எனக்கு முட்டு, ஊத முடியவில்லை, டொக்டரிடம் கொண்டுபோங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றில்லை. அரைகுறையாக ஊதுவது, குழாயைக் கடிப்பது, போன் பேச வேண்டும் என்று இழுத்தடிப்பது எல்லாம் கடைசியில் குறிப்புப் புத்தகத்தில் "மறுத்தார்" என்ற ஒரே சொல்லாகத்தான் பதிவாகும்.

குறிப்புப் புத்தகம் என்றதும் மொழி விஷயம் வருகிறது. என் வாழ்க்கை முழுவதும் இதற்குள்ளேயே போனதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாட்டுத் தரப்பு ஊகத்தை எழுப்ப வேண்டுமென்றால் முதலில் சில விஷயங்களைக் காட்டியாக வேண்டும். வாகனத்தை ஓடியவர் இவர்தான். ஓடியது பெருந்தெருவில். அலுவலருக்குச் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. பரிசோதனைக்கு வரும்படி கேட்டார். இவர் மறுத்தார். கடைசி இரண்டிலும் கேள்வி இருக்கிறது: எந்த மொழியில் கேட்டார்? இவருக்கு விளங்கியதா? நம்மூர் வீதியில் இரவில் நிற்கும் அலுவலர் பலருக்குத் தமிழ் அரைகுறை, நம் பெடியளுக்குச் சிங்களம் அரைகுறை. "பிம்பின்ன" என்றால் ஊதச் சொல்கிறார் என்பது பலூனைக் கண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்பது வேறு. ஆனாலும் ஒரு வழக்கில் எதிரி கூட்டில் நின்று, "அவர் என்ன சொன்னார் என்றே விளங்கவில்லை, நான் தலையை மட்டும் ஆட்டினேன்" என்றார். நீதவான் அலுவலரைப் பார்த்து, "எப்படித் தலையை ஆட்டினார், காட்டுங்கள்" என்றார். அலுவலர் காட்டினார். நம்மவர்கள் சரி என்பதற்கும் ஆட்டும் அந்தப் பக்கவாட்டு ஆட்டல். நீதிமன்றத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அது மறுப்பா சம்மதமா என்று அதற்குப் பிறகு இரண்டு தவணை போனது.

வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும் கூட. இது அரசியலமைப்பில் இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதியிருந்தால், வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் கையெழுத்துக்கு மேலே தமிழில், "இது எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்று உங்கள் கையால் எழுதுங்கள். அந்த ஒரு வரி நீதிமன்றத்தில் என்ன வேலை செய்யும் என்று பார்த்தவன் நான். மரியாதையோடு கேளுங்கள், அது முக்கியம். சத்தம் போட்டு, கையைத் தட்டிவிட்டு, பலூனைப் பிடுங்கி எறிந்தால் அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு என்று தண்டனைக் கோவையின் கீழ் இன்னொரு குற்றம் சேரும். அப்போதுதான் உண்மையில் இரண்டு தண்டனை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் இல்லாவிட்டாலும். இந்த இடத்தில்தான் பலரும் பர்ஸைத் திறக்கிறார்கள். ஆயிரம், இரண்டாயிரத்தை லைசன்ஸுக்குள் மடித்துக் கொடுப்பது. வாங்கினவருக்கு மட்டும்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். கொடுக்க முன்வருவதும் இலஞ்சக் குற்றம்தான். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. 25,000 ரூபாய்க் குற்றத்திலிருந்து தப்பப் போய், மேல் நீதிமன்றம் வரை போகக்கூடிய குற்றத்தில் மாட்டிக்கொள்வதில் என்ன கெட்டித்தனம்? பொலிஸார் தரப்பில் தவறு நடந்தால், அடித்தார்கள், காசு கேட்டார்கள், நாள் கணக்கில் வைத்திருந்தார்கள் என்றால் அதற்கு வழி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும். பின்னதன் இலக்கம் 1996, திருகோணமலையிலேயே அவர்களுக்குப் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் அல்லது பிணையில் விட வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் விதி. மச்சானை விடியற்காலையிலேயே விட்டதால் அந்தப் பிரச்சினை இங்கே இல்லை.

இனி வழக்கு நாள். குற்றப்பத்திரத்தை வாசித்துவிட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பார்கள். பழக்கமில்லாத காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும், ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். பயத்தில் ஒருவர் "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து "நான் இல்லையென்று தானே சொன்னேன்" என்று அழுததையும் பார்த்திருக்கிறேன். குற்றவாளி என்றால் ஏற்றுக்கொள்கிறேன், அன்றே தண்டனை. சுற்றவாளி என்றால் மறுக்கிறேன், விசாரணைக்குத் தவணை. மச்சானிடம் இதை வீட்டிலேயே இரண்டு தரம் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

எதைச் சொல்வது என்பதைச் சட்டத்தரணியோடு இருந்து முடிவு எடுங்கள். அதற்கு முன்பு அவர் மூலம் மருத்துவ அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த அனுபவத்தில், அறிக்கையில் "பாதிப்பில்" என்று இருந்து, பலூனும் ஊதாமல், குடித்ததும் உண்மை என்றால், வழக்கை இழுப்பதில் சட்டத்தரணி கூலியும் நாள் கூலியும்தான் போகும். முதல் தடவை, விபத்து இல்லை, பொலிஸாரோடு முரண்டு பிடிக்கவில்லை என்பதை எடுத்துச் சொன்னால் லைசன்ஸ் இடைநிறுத்தத்தின் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். தண்டப்பணத்தின் அடிமட்டம் சட்டத்தில் நிலையாக இருப்பதால் கெஞ்ச வேண்டிய இடம் லைசன்ஸ். "வாடை மட்டும்" என்று இருந்தால், அல்லது மச்சான் உண்மையாகவே மறுக்காமல், விளங்காமல் நின்றிருந்தால், சுற்றவாளி என்று நின்று பார்க்க நியாயம் உண்டு.

நீதிமன்றத்துக்கு வராமல் விடுவதை மட்டும் செய்ய வேண்டாம். பிடியாணை பிறக்கும். பிணைக்குக் கையெழுத்து வைத்தவரையும் கூப்பிடுவார்கள்.

மச்சானின் மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதியும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் நாள் தாண்டாமல் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். காப்புறுதி இல்லாமல் ஓடுவதும், லைசன்ஸ் இல்லாமல் ஓடுவதும் அதே 25,000 ரூபாய்ப் பட்டியலில் தொடங்கும் குற்றங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூடும். அப்புறம் வாகனத்தை நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னால், அதை எடுக்க லைசன்ஸ் உள்ள வேறொருவர் போகட்டும். மச்சான் தானே ஏறி ஓட்டிக்கொண்டு வந்தால் நிலையத்தின் வாசலிலேயே அடுத்த வழக்கு தொடங்கும், அவருடைய லைசன்ஸ் அப்போதும் வழக்குக் கோப்புக்குள்தான் இருக்கும்.